நான்கு கேள்விக்குறிகள்

லேப்டாப் திரையில் பச்சைப் பட்டை முக்கால்வாசிக்கு வந்து நின்றுவிட்டது. நின்றேவிட்டதா, கண்ணுக்குத் தெரியாமல் நகர்ந்துகொண்டிருக்கிறதா என்று சொல்ல முடியவில்லை. பார்த்துக்கொண்டே இருப்பதால்தான் நகர மாட்டேன் என்கிறதோ என்று கோகிலவாணி கண்ணை எடுத்து ஜன்னல் பக்கம் திருப்பினாள். பின்வீதி லேத்துப் பட்டறையில் இரும்பைச் சீவிக்கொண்டிருந்தார்கள். பட்டறைகள் நிறைந்த இந்தக் கணபதிப் பகுதியில் ஞாயிற்றுக்கிழமை என்று தனியாக ஒன்று கிடையாது. ஸ்டுட்கார்ட்டில் இந்நேரம் தெருவே வாயைப் பொத்திக்கொண்டு கிடக்கும், பாட்டில்களைக் குப்பையில் போட்டால்கூடப் பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்ப்பாள். அந்த அமைதியில் இருபது வருஷம் இருந்தவளுக்கு இந்தச் சத்தம் தொந்தரவாக இருந்திருக்க வேண்டும், ஆனால் இல்லை, இரும்பு சீவும் சத்தத்துக்கு அடியில் யோசிப்பது சுலபமாக இருந்தது, யோசிப்பது வெளியே கேட்காது என்பதுபோல. சாப்பாட்டு மேஜையின் ஒரு முனையில் லேப்டாப். அதன் பக்கத்தில் பிரிக்காத பிளாஸ்டிக் உறையில், தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிதாக, கல்லூரித் தோழன் ஜெகன் கொடுத்துவிட்டுப் போன பச்சைச் சர்க்யூட் போர்டு. எதிர்முனையில் பிரம்பு நாற்காலியில் அம்மா. அம்மாவைப் பார்த்துக்கொள்கிற புஷ்பம் ஞாயிறு பூசைக்குப் போய், அப்படியே அக்கா வீட்டில் சாப்பிட்டுவிட்டுத்தான் வருவாள். அதனால் இன்றைக்கு அம்மாவின் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியது இவள் ஒருத்திதான். கேள்வி ஒன்றே ஒன்று. "அம்மிணி, பெல் அடிச்சாச்சா?" "இன்னும் இல்லீங்கம்மா." அம்மா தலையாட்டிக்கொள்வாள், ஜன்னலைப் பார்ப்பாள், பதில் எங்கோ மெல்லக் கரைந்து போகும், மறுபடி கேட்பாள். பெண்கள் பள்ளிக்கூடத்தில் முப்பது வருஷம் டிரில் சொல்லிக்கொடுத்த நாகரத்தினம் டீச்சர் வேறு எதைக் கேட்பாள்.

பட்டை கொஞ்சம் நகர்ந்திருந்தது. இன்ஸ்டால் செய்வதில் இவள் எப்போதும் பொறுமைசாலி. மற்றவர்கள் காபி குடிக்கப் போய்விடுவார்கள், இவள் உட்கார்ந்து கோப்புகளின் பெயர் ஓடுவதைப் படித்துக்கொண்டிருப்பாள், கம்பைலர், லிங்கர், டிபக்கர், கல்யாண வீட்டுக்கு வந்திறங்கும் சொந்தக்காரர்களை வாசலில் நின்று எண்ணுவதுபோல. நாம் எழுதுவதைப் போர்டிலுள்ள சிப்பு என்கிற சில்லுக்குப் புரிகிறபடி மாற்றுவது ஒன்று, மாற்றிய துண்டுகளைக் கோர்ப்பது ஒன்று, கம்பி வழியே சில்லுக்குள் இறக்குவது ஒன்று. எல்லாம் வந்து சேர்ந்து ஒழுங்காக உட்கார்ந்தால்தான் போர்டின் மூலையில் இருக்கிற கடுகளவு விளக்கு மின்னும். அந்த விளக்கை மின்னவைப்பது இந்தத் தொழிலில் அரிச்சுவடிக்கு முந்தைய சமாச்சாரம். கல்லூரியில் ஜெகனும் இவளும் ஒரே மேஜையில் செய்தது. ஸ்டுட்கார்ட்டில் புதிதாக வருகிறவர்களுக்கு இவள் எத்தனையோ தடவை செய்து காட்டியது. அப்புறம் மேனேஜர் ஆகி, கையால் எதையும் தொடாமல் பேசியே காலம் தள்ளிய வருஷங்கள். ஆனாலும் மறக்கிற விஷயமா இது? அந்த வார்த்தையில் மனசு வந்து தட்டியது. மறக்கிற விஷயம் என்று ஒன்று, மறக்காத விஷயம் என்று ஒன்று, அப்படிப் பிரித்து வைத்திருக்கிறதா என்ன? இருந்தால், போன வருஷம் வாயில் வராமல் போன பிரேக் என்ற வார்த்தை எந்தப் பக்கம்? அதை அங்கேயே விட்டுவிட்டு இன்றைய விதியை ஒருதடவை சொல்லிப் பார்த்துக்கொண்டாள். வழிகாட்டிப் பக்கத்தைத் திறக்கக் கூடாது. யாரையும் கேட்கக் கூடாது. தேடிப் பார்க்கக் கூடாது. நினைவிலிருந்து மட்டும். சாயங்காலம் ஜெகன் வருவதற்குள் விளக்கு மின்னினால் அவனுடைய பட்டறையில் சேர்கிறேன் என்று சொல்லிவிடுவது. மின்னாவிட்டால், அம்மாவைப் பார்த்துக்கொள்ளவே நேரம் சரியாக இருக்கிறது, வேறு ஆளைப் பாரு என்று சொல்லிவிடுவது. அம்மா நல்ல காரணம். யாரும் மேலே கேட்க மாட்டார்கள்.

ஜெகன் பண்ணப்போவது தோட்டத்துக் கிணற்று மோட்டாருக்குப் பக்கத்தில் நிற்கிற பெட்டி. போனிலிருந்து போட்டால் மோட்டார் ஓடும், தண்ணீர் இறங்கிப்போனால் தானே நிறுத்திவிட வேண்டும், இல்லாவிட்டால் வெறுமனே ஓடி உள்ளே செப்புக் கம்பிச் சுருள் கருகிவிடும். பெட்டி செய்ய ஆள் இருக்கிறது, விற்க ஆள் இருக்கிறது, உள்ளே ஓடுகிற புரோகிராமுக்குத்தான் ஆள் இல்லை. "உன்ற தலைக்குள்ள இருக்கறது போதும் எங்களுக்கு, வேற ஒன்னும் கொண்டு வராண்டாம்" என்று சிரித்தான், போன வாரம், இதே மேஜையில், வடையைக் கடித்துக்கொண்டு. அவன் பாராட்டாகத்தான் சொன்னான். இவளும் சிரித்தாள். அவன் போனபிறகு டம்ளரைக் கழுவும்போது அந்த வாக்கியம் திரும்பி வந்தது, படுக்கும்போது வந்தது, காலையில் பல் தேய்க்கும்போது கண்ணாடியில் தெரிந்த நெற்றியைப் பார்க்கும்போது வந்தது. உன்ற தலைக்குள்ள இருக்கறது. தலைக்குள் என்ன இருக்கிறதென்று அவனுக்குத் தெரியாது. இவளுக்கும்தான் தெரியாது. போன வருஷம் குளிர்காலத்தில் ஒரு மீட்டிங். கண்ணாடிச் சுவர், வெளியே பனி, மேஜையைச் சுற்றி இவளுக்குக் கீழே வேலை செய்கிறவர்கள். காரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் புரோகிராமைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தாள். அடுத்து வரவேண்டிய வார்த்தை வரவில்லை. பிரேக். அவள் பதினைந்து வருஷம் வேலை செய்ததே அதில்தான். ஜெர்மனில் வரவில்லை, ஆங்கிலத்தில் வரவில்லை, தமிழிலும் அதே ஆங்கில வார்த்தைதானே, அதுவும் வரவில்லை. மேஜைக்கு அடியில் வலது கால் தானாகத் தரையை அழுத்திற்று. கால் நினைவு வைத்திருந்தது, வாய் வைத்திருக்கவில்லை. ஒருத்தன் வார்த்தையை எடுத்துக் கொடுத்தான், எல்லோரும் சிரித்தார்கள், இவளும் சிரித்தாள், வெள்ளிக்கிழமைக் களைப்பு என்றார்கள். அன்றைக்கு வெள்ளிக்கிழமைதான்.

அதற்கப்புறம் அங்கேயே போய்ப் பார்த்த டாக்டர் வட்டம் வரையச் சொன்னார், அதில் கடிகார முள் வைக்கச் சொன்னார், வார்த்தைகள் கொடுத்து வேறெதையோ பேசிவிட்டுத் திருப்பிக் கேட்டார். புல்லாங்குழல், படகு, சுண்ணாம்பு, மாடிப்படி, நீலம். பிசகாமல் சொன்னாள். ஒன்றுமில்லை, வேலைப் பளு, வேண்டுமானால் அடுத்த வருஷம் வாருங்கள் என்றார். அம்மாவுக்கு மறதி எந்த வயதில் ஆரம்பித்தது என்று கேட்டார், சொன்னாள், எழுதிக்கொண்டார். அந்த வார்த்தைகளை இன்னும் விட முடியவில்லை. பல் தேய்க்கும்போது, பஸ்ஸில், வங்கி வரிசையில், புல்லாங்குழல், படகு, சுண்ணாம்பு. இதில் ஒரு விசித்திரம் உண்டு, அதை இவள் சமீபத்தில்தான் கவனித்தாள். டாக்டர் அவற்றை ஜெர்மனில் சொன்னார். எப்போது தமிழாக மாறின? மாற்றியது யார்? பத்தாவது வரை தமிழில் படித்தவள், அப்புறம் ஆங்கிலத்தில் படித்தவள், அப்புறம் பிழைப்புக்கு ஜெர்மன். கீழே கிடப்பது கடைசியில் போகும் என்கிறார்கள், மேலே கிடப்பது முதலில் போகுமாம். அப்படியானால் மேலே இருந்தது உரிந்துவிட்டதா, அல்லது ஊர் திரும்பியதால் தமிழ் தானாக எழுந்து வந்து நின்றுகொண்டதா? ஜெர்மனில் அந்த ஐந்தையும் சொல்லிப் பார்த்தாள். நான்கு வந்தது. சுண்ணாம்பு கொஞ்சம் தாமதித்து, நீலத்துக்குப் பிறகு, தாமதமாக வரும் பையன் வகுப்பின் பின்கதவு வழியாக நுழைவதுபோல வந்தது. வந்துவிட்டது அல்லவா. வந்தது கணக்கா, தாமதித்தது கணக்கா?

"பெல் அடிச்சாச்சா, அம்மிணி?" இன்னும் இல்லீங்கம்மா. அம்மாவின் கை நாற்காலியின் பிரம்பில் படிந்திருந்தது. விரல்கள் இன்னும் நேர். அந்தக் கையை உயர்த்தினால் மைதானம் முழுக்கக் கைகள் உயரும், ஒரு விசிலுக்கு ஒரு பள்ளிக்கூடமே இடுப்பை வளைக்கும், ஆண்டுவிழாவுக்குக் கலெக்டர் வந்தால் முதலில் பார்ப்பது நாகரத்தினம் டீச்சரின் மாஸ் டிரில்தான். அந்த மைதானத்தில்தான் அம்மாவின் மறதி ஆரம்பித்தது. இவள் அப்போது கல்லூரியில், நேரில் பார்க்கவில்லை, ஓவிய டீச்சர் வீட்டுக்கு வந்து அப்பாவிடம் தாழ்ந்த குரலில் சொன்னதைச் சமையலறையில் நின்று கேட்டாள். ஒத்திகையின்போது அம்மா கைகளை மேலே உயர்த்தச் சொல்லியிருக்கிறாள். உயர்த்தினார்கள். அடுத்தது கீழே. அந்தக் கட்டளை அம்மாவுக்கு வரவில்லை. விசிலை வாயில் வைத்தாள், எடுத்தாள். பிள்ளைகள் கையைத் தூக்கியபடி நின்றார்கள், டீச்சர் ஏதோ சோதிக்கிறார் என்று நினைத்துக்கொண்டு, யார் முதலில் கையைப் போடுகிறார்களோ அவர்களுக்கு அடி விழும் என்று பயந்துகொண்டு, வெயிலில், பெல் அடிக்கிறவரை. பெல் அடித்த பிறகும் சின்ன வகுப்புப் பிள்ளைகள் கையைப் போடவில்லை என்றார் ஓவிய டீச்சர். கோகிலவாணிக்கு அந்தக் காட்சியில் அம்மா தெரிவதில்லை. கைகள்தான் தெரியும். உள்ளங்கை வெளியே பார்க்க, ரிப்பன் கட்டிய தலைகளுக்கு மேலே, அசையாமல்.

முடிந்தது என்று திரை சொல்லிற்று. பட்டை எப்போது நிறைந்ததென்று பார்க்கத் தவறிவிட்டாள். உறையைப் பிரித்து போர்டை எடுத்தாள், கேபிளைச் செருகினாள். சிவப்பு ஒன்று எரிந்தது, அதற்குப் பக்கத்தில் பச்சை மின்னிற்று. எரிந்தது, அணைந்தது, எரிந்தது, அணைந்தது. ஆச்சு, அவ்வளவுதான், இதற்கா இவ்வளவு பயந்தோம் என்று நாற்காலியில் சாய்ந்தாள், ஜெகனுக்குப் போனை எடுக்கலாமா என்றுகூடக் கை போயிற்று. பிறகுதான் உறைத்தது. இவள் இன்னும் ஒரு வரிகூட எழுதவில்லை. ஒன்றையும் போர்டுக்குள் இறக்கவில்லை. செய்து அனுப்புகிறவர்கள், போர்டு உயிரோடுதான் இருக்கிறது என்று காட்ட, இந்த மின்னலை உள்ளே போட்டே அனுப்புவார்கள். எந்தக் கையும் படாமல், கரண்டு கிடைத்தால் போதும், அது பாட்டுக்கு மின்னும். புதிதாக வருகிற பையன்கள் இதைப் பார்த்துக் குதிக்கும்போது இவள் சிரித்துக்கொண்டே சொல்வாள், அது உன்னுடையது இல்லை தம்பி, தொழிற்சாலையிலேயே வைத்தது. அதை அத்தனை பேருக்குச் சொன்னவள் இன்றைக்குத் தானே குதித்தாள், சில நொடிதான் என்றாலும். சில நொடிக்கு மறந்தது மறதியா? உடனே நினைவு வந்ததே, அது நினைவா? உட்கார்ந்தபடியே அந்தப் பச்சைப் புள்ளியைப் பார்த்தாள். அது ஒரு சிரமமும் இல்லாமல் தனக்குள் வைக்கப்பட்டதைச் செய்துகொண்டிருந்தது. பிறக்கும்போதே உள்ளே வைத்து அனுப்பியது. நேரம் வந்தால், கரண்டு கிடைத்தால். போதும், அந்தப் பக்கம் போகாதே. டக் என்று ஒரு சத்தம். டக். அம்மாவின் வளையல் பிரம்பில் படுகிற சத்தம். அம்மா விளக்கைப் பார்த்துக்கொண்டு, எரியும்போது கையைத் தட்டி, அணையும்போது தூக்கிக்கொண்டிருந்தாள். உதடு அசைந்தது. ஒன், டூ, ஒன், டூ. முகத்தில் ரொம்ப நாளாகக் காணாத கண்டிப்பு.

திரையில் கட்டளைகளை அடிக்கும் ஜன்னலைத் திறந்தாள். கூடவே வருகிற மாதிரிப் புரோகிராமை எடுத்துக்கொண்டாள், நாலைந்து வரிகள்தான்: விளக்கை எரி, கொஞ்சம் பொறு, அணை, கொஞ்சம் பொறு, திரும்ப முதலுக்குப் போ. முடிவே இல்லாத சுற்று. மேஜைக் கணினியில் ஒரு புரோகிராம் இப்படிச் சுற்றிக்கொண்டே இருந்தால் தொங்கிவிட்டது என்று திட்டி நிறுத்துவார்கள். இந்தச் சின்னச் சில்லுகளில் எல்லாம் தலைகீழ். சுற்றிக்கொண்டே இருப்பதுதான் உயிர், என்றைக்காவது சுற்று முடிந்து வெளியே வந்தால் அதுதான் பழுது. "பெல் அடிச்சாச்சா?" இன்னும் இல்லீங்கம்மா. கம்பைல் செய்யச் சொன்னாள். வரிகள் ஓடின, நின்றன, சிவப்பாக ஒன்று வந்தது. குறிப்பிட்ட கோப்பைக் காணோம். கோப்பு எங்கே இருக்க வேண்டும் என்பதையும் நீளமாக எழுதிக் காட்டியது, டிரைவ், பயனர்கள், அதற்குப் பிறகு பெயர் வரவேண்டிய இடத்தில் கேள்விக்குறி, கேள்விக்குறி, கேள்விக்குறி, கேள்விக்குறி. பிறகு மீதி வழி. மறுபடி செய்தாள். மறுபடி அதே. கோப்பு இருக்கிறது, போய்ப் பார்த்தால் இருக்கிறது, ஆனால் காணோம் என்கிறது. அவள் இதைப் பார்த்திருக்கிறாள். எப்போதோ, எங்கோ, இதே வகையான சிவப்பை. எங்கே என்பது வரவில்லை. நினைவு வாசல்வரை வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, உள்ளே வராமல் நின்றது. உள்ளங்கால் தரையை அழுத்திற்று. அதைக் கவனித்து வேண்டுமென்றே காலைத் தூக்கி நாற்காலியின் குறுக்குச் சட்டத்தில் வைத்துக்கொண்டாள்.

அந்த நேரம் பார்த்துப் போன். ஜெகன். என்ன, உன் கம்ப்யூட்டர் எழுந்திரிச்சதா, இல்ல இன்னும் சீமை நேரத்துலயே தூங்குதா என்று ஆரம்பித்தான். பட்டறையில் ஒரு பெட்டிக்கு மூடி சேரவில்லையாம், அதைப் பற்றிக் கொஞ்சம் புலம்பினான், இருட்டுவதற்குள் வந்துவிடுவதாகச் சொன்னான், டீச்சருக்குத் தேங்காய் பன் பிடிக்கும்தானே என்று கேட்டான். பிறகு, எங்கேயாவது மாட்டிக்கிட்டிருந்தா சொல்லு, நானும் போன மாசம்தான் இதே கூத்தை அடிச்சேன் என்றான். ஒரு வார்த்தை கேட்டால் போதும். கேள்விக்குறி வருது ஜெகா என்று சொன்னால் அவன் மறு நிமிஷம் சொல்லிவிடுவான். நாக்குவரை வந்தது. ஓடிக்கிட்டிருக்கு, வா, என்று வைத்துவிட்டாள். அவனிடம் கேட்டிருந்தால் விதி முறிந்திருக்கும், அது ஒன்று. கேட்காததற்கு இன்னொன்றும் உண்டு: அவன் சொல்கிற பதில் தனக்கு ஏற்கெனவே தெரிந்ததாக இருந்துவிட்டால்? தெரியாததாக இருந்தால் பரவாயில்லை. தெரிந்தும் வராமல் போனதுதான் தாங்காது. டக். டக். அம்மா விடாமல் போட்டுக்கொண்டிருந்தாள். இவள் திரையையே பார்த்தாள். நான்கு கேள்விக்குறி. ஏன் நான்கு? மூன்றோ ஐந்தோ ஏன் இல்லை? அந்த இடத்தில் இருக்க வேண்டியது இவளுடைய பெயர். ஊர் வந்து இந்த லேப்டாப்பை வாங்கியபோது, பயனர் பெயர் கேட்ட இடத்தில் ஆசைப்பட்டுத் தமிழில் வாணி என்று அடித்திருந்தாள். இத்தனை வருஷம் யார் யாருடைய நாக்குக்கோ வளைத்து எழுதிக் கொடுத்த பெயர், இங்கேயாவது தன் எழுத்தில் இருக்கட்டும் என்று. வா, ணி. இரண்டு எழுத்து. ஆனால் இயந்திரத்துக்கு வ தனி, துணைக்கால் தனி, ண தனி, மேலே போடுகிற கொக்கி தனி. நான்கு. அவளுடைய பெயர்தான் அது. பெயரைப் பார்த்துத் திருதிருவென்று விழித்துவிட்டு, தெரியாத ஒவ்வொன்றுக்கும் ஒரு கேள்விக்குறி போட்டிருக்கிறது.

அப்போது வாசலில் நின்றது உள்ளே வந்தது, சத்தமில்லாமல், எப்போதும் இங்கேயே இருந்ததுபோல. யூர்கன். இவள் முதன்முதலில் வேலைக்குச் சேர்ந்த வருஷம் கூடவே சேர்ந்தவன், பெயரிலுள்ள ஜெர்மன் ‘யு’ எழுத்துக்கு மேலே இரண்டு புள்ளி வைத்து எழுதுவான். அந்த இரண்டு புள்ளியில் கம்பைலர் குப்புற விழுந்தது. நாள் முழுக்க மண்டையை உடைத்துக்கொண்டவனுக்கு வழி சொன்னது இவள்தான். உன் பெயர் வழியாக அதைப் போகச் சொல்லாதே, வெளியே ஒரு ஃபோல்டர் போட்டுக் கொடு, சின்ன எழுத்தில், இடைவெளி இல்லாமல், யாருடைய பெயரும் இல்லாமல். அவன் அன்று சாயங்காலம் கேக் வாங்கிக் கொடுத்தான், அதில் உலர்ந்த திராட்சை இருந்தது, இவளுக்குப் பிடிக்காது, பொறுக்கி ஓரமாக வைத்தாள். திராட்சைவரை இருக்கிறது. எல்லாம் கிடக்கிறது உள்ளே. பிறகு பிரேக் மட்டும் எங்கே போயிற்று? விடு. எடுத்துப் போட்டதையெல்லாம் நீக்கினாள், டிரைவின் வாசலிலேயே புதிதாக ஒரு ஃபோல்டர் போட்டு மறுபடி முதலிலிருந்து இன்ஸ்டால் செய்தாள். பச்சைப் பட்டை மறுபடி முக்கால்வாசியில் போய் நின்றது. அங்கேதான் அது நிற்கும் போலிருக்கிறது. இப்போது கோபம் வரவில்லை. நிழல் நீண்டு மேஜையின் கால்வரை வந்திருந்தது, லேத்துப் பட்டறையில் டீக்கு நிறுத்தியிருந்தார்கள், அந்த நிறுத்தத்தில் அம்மாவின் வளையல் மட்டும் வீடு முழுக்கக் கேட்டது. அம்மாவுக்குக் கை வலிக்காதா என்று நினைத்தாள். தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அம்மா இடது கையால் வாங்கிக் குடித்தாள், வலது கை தன் வேலையை விடவில்லை. "எம்பட பக்கத்துல நில்லு, வரிசை கோணுது" என்றாள். கோகிலவாணி நேராக நின்றாள். அப்புறம் போய் உட்கார்ந்தாள்.

இந்தத் தடவை கம்பைலர் ஒன்றும் சொல்லவில்லை. ஒன்றும் சொல்லாமலிருப்பதுதான் அதன் சம்மதம். போர்டுக்குள் இறக்கினாள், அம்மாவின் தட்டல் ஒருதரம் தடுக்கிற்று, மறுபடி ஒட்டிக்கொண்டது. விளக்கு மின்னியது. எரிந்தது, அணைந்தது, எரிந்தது, அணைந்தது. முன்பு மின்னியது போலவே. அச்சாக அதேபோல. இது இவளுடையதா, அவர்கள் வைத்து அனுப்பியதா? மாதிரிப் புரோகிராமின் நடையும் தொழிற்சாலை நடையும் ஒன்றுதான், வெளியிலிருந்து பார்த்துப் பிரிக்க வழியில்லை. ஜெகன் வந்து பார்த்தால் சபாஷ் என்பான். விதிப்படி மின்னிவிட்டது. ஆனால் இந்தத் தொழிலில் கொஞ்சம் அடிபட்டவர்கள் யாரும் இதை நம்பி எழுந்துவிட மாட்டார்கள். நடையை மாற்றிப் பார்ப்பார்கள். கொஞ்சம் பொறு என்று இருந்த இடங்களில் வேறு வேறு பொறுமையைப் போட்டாள்: நீளமாக ஒன்று, குட்டியாக இரண்டு. நீளம், குட்டி, குட்டி. இறக்கும்போது, முதலில் உள்ளே இருப்பதை முழுக்க அழித்துவிட்டு எழுது என்பதையும் தேர்ந்துகொண்டாள். நிச்சயமாகவா என்று கேட்டது. அழித்தால் வைத்து அனுப்பியது போய்விடும், புதியது ஏறாமல் பாதியில் நின்றால் ஒன்றுமே இருக்காது. ஆம் என்றாள். விளக்கு அணைந்தது. அணைந்தே இருந்தது. திரையில் சதவீதம் ஏறிக்கொண்டிருந்தது, இவள் அதைப் பார்க்கவில்லை, ஏனென்றால் வளையல் சத்தம் நின்றுவிட்டது. நிமிர்ந்தாள். அம்மாவின் கை காற்றில் நின்றது. தோளுக்கு மேலே, உள்ளங்கை வெளியே பார்க்க, விரல்கள் சேர்ந்து, அசையாமல். கண் விளக்கில். அடுத்தது என்ன என்று தெரியாத முகம். கோகிலவாணி இதுவரை பார்க்காமல் கேட்டு மட்டும் இருந்த காட்சி மேஜைக்கு எதிரே உட்கார்ந்திருந்தது. கையைப் போடுங்கம்மா என்று சொல்ல வாயெடுத்தாள், வார்த்தை தயாராக இருந்தது, ஆனால் தான் அதைச் சொல்லக் கூடாது என்று ஏனோ தோன்றியது. அப்புறம் பச்சை எரிந்தது, நீளமாக. கை இறங்கியது. குட்டியாக ஒன்று, டக், குட்டியாக இன்னொன்று, டக். நீளம். ஒரு தடவைகூடத் தடுக்கவில்லை. புது நடையை இவள் தலைக்குள் சரிபார்ப்பதற்கு முன்பே அம்மாவின் கை அதைப் பிடித்துவிட்டிருந்தது. "ஸ்டெப்பு மாத்திட்டாங்க" என்றாள் அம்மா, யாரிடமும் இல்லாமல்.

ஜெகன் கேட்டைத் தள்ளிக்கொண்டு வந்தபோது வெளிச்சம் மங்கியிருந்தது. கையில் பன் பொட்டலம். விளக்கைப் பார்த்தான், இவள் முகத்தைப் பார்த்தான், சிரித்துக்கொண்டே நாற்காலியை இழுத்துப் போட்டான். அப்ப வர்றதுன்னு ஆகிப்போச்சா என்று கேட்டான். விதிப்படி ஆம் என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது. விதி போட்டது அவளே, அதில் வென்றதும் அவளே. ஆனால் அந்த விளக்கு இன்றைக்கு மின்னுகிறது என்பதைத் தவிர வேறெதையும் சொல்லவில்லை என்பது அவளுக்குத் தெரிந்திருந்தது. நாளையைப் பற்றி அது எதுவும் சொல்லாது.

"ஜெகா, அம்மாவுக்கு வந்தது எனக்கும் வரலாம். வராமலும் போலாம். போன வருசம் ஒரு நாள், பிரேக்குங்கற வார்த்தையே வரலே எனக்கு, அத்தனை பேர் முன்னால."

ஜெகன் சிரிப்பை நிறுத்தினான். பன் பொட்டலத்தின் நூலைப் பிரித்தான், பிரித்த நூலை விரலில் சுற்றினான். அம்மாவின் கையைக் கொஞ்ச நேரம் பார்த்தான்.

"இப்ப என்ன பண்ணலாங்கறே?"

"வர்றேன். ஆனா என்ற தலைக்குள்ள மட்டும்னு எதுவும் இருக்கக் கூடாது. முதல் நாள்ல இருந்தே பக்கத்துல இன்னொருத்தர் உக்காரோணும். நான் எழுதறது ஒவ்வொன்னும் அவங்களுக்கும் தெரியோணும். நாளைக்கு நானே வந்து இது என்னன்னு கேட்டாலும் அவங்க சொல்லோணும்."

ஆள் பார்க்கலாம் என்றான். பார்க்கலாம் இல்லை, இந்த வாரமே பாரு என்றாள். சரி என்றான். வேறொன்றும் கேட்கவில்லை, அதற்காக அவனை அவளுக்குப் பிடித்தது. ஒரு பன்னை எடுத்து டீச்சரிடம் நீட்டினான். அம்மா அவனை யாரென்று தெரியாமல் பார்த்துவிட்டு வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள், கை மறுபடி பிரம்புக்குப் போயிற்று. நீளம், குட்டி, குட்டி. பின்வீதியில் பட்டறைக் கதவை இழுத்து மூடுகிற சத்தம் கேட்டது.

"அம்மிணி, பெல் அடிச்சாச்சா?"

இன்னும் இல்லீங்கம்மா என்பது வழக்கம்போல நாக்கில் வந்து நின்றது. கோகிலவாணி எழுந்து போய் நாற்காலிக்குப் பக்கத்தில் நின்று, தட்டுவதற்காகத் தூக்கியிருந்த அந்தக் கையைப் பிடித்து, மெதுவாகப் பிரம்பின் மேல் இறக்கி வைத்தாள்.

"அடிச்சாச்சுங்கம்மா. எல்லாரும் கையைக் கீழ போட்டுட்டாங்க."

அம்மா மைதானத்தை ஒரு முறை பார்ப்பதுபோல மேஜையை இந்த முனையிலிருந்து அந்த முனைவரை பார்த்தாள். ஒருத்தரும் விட்டுப்போகவில்லை என்று திருப்தியானது போலிருந்தது.

"வரிசையாப் போகச் சொல்லு" என்றாள். "ஓடக் கூடாது."